'நான்' என்று தொடங்கும் படிவம்

அந்த வருஷம் எங்கள் கல்லூரியில், ஒரே நாளில், ஒரே அறையில், நாற்பத்து மூன்று பேர் வராமலே பரீட்சை எழுதினார்கள்.

எழுதியது ஜனவரியில். வரவில்லை என்பது பிப்ரவரியில்தான் தெரிந்தது. முடிவுப் பலகையில், மின்சுற்றுப் பாடத்துக்கு நேராக, ஏழாம் அறையில் உட்கார்ந்த அத்தனை பேருடைய பெயருக்கும் பக்கத்தில் 'வரவில்லை' என்று போட்டிருந்தது. கெய்ரோவுக்கு வடமேற்கே, தமன்ஹூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்தத் தொழில்நுட்பக் கல்லூரியில் நான் மாணவர் பிரிவு எழுத்தர். ஏழாம் அறைக் கதவருகே நின்று அடையாள அட்டைகளைச் சரிபார்த்தவனும் நான்தான். ஆகவே அவர்கள் வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில், கேட்காத கேள்விக்கு நான் பதில் சொன்னதில்லை. அதனால்தான் இருபத்தாறு வருஷம் ஓடியது.

முதலில் ஜன்னலுக்கு வந்தவள் தஹானி. மின்துறை இரண்டாம் வருஷம். அப்பா ரஷீத் சாலையில் மினிபஸ் ஓட்டுகிறவர். இத்கூ பக்கம் ஒரு மின் நிலையத்தில் அவளுக்குப் பயிற்சி இடம் உறுதியாகியிருந்தது. ஒரு பாடம் போனாலும் இடம் போய்விடும். மே மாசக் கடைசிக்குள் தேறியதற்கான தாளைக் காட்ட வேண்டும்.

"மெத்வல்லி சார், நான் வந்தேனே! நீங்கதானே என் கார்டைப் பாத்து, போட்டோல மூக்கு பெருசா விழுந்திருக்குன்னு சொன்னீங்க?"

"சொன்னேம்மா."

"அப்ப நான் வந்தேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க."

"அது என் வேலையில்லம்மா. நீ புகார் எழுதிக் குடு. மேல அனுப்பறேன்."

எழுதிக் கொடுத்தாள். மேலே அனுப்பினேன். மேலே யாரும் இல்லை. டீன் டாக்டர் கம்ராவி துபாயில் ஒரு ஓட்டலில் மூன்று நாள் தலைமைப் பண்புப் பயிற்சியில் இருந்தார்.

அவர் திரும்பி வரும்போது, பெட்டியோடு, அந்தப் பயிற்சியை நடத்திய கோச் ஹாஸிமும் கூட வந்தார். கோச் ஹாஸிமுக்கு வெள்ளைச் சட்டை, காதோரம் ஒட்டிய மைக், எந்நேரமும் ஒரு சிரிப்பு. மறுநாளே எல்லா மாணவர்களையும் பெரிய அரங்கில் கூட்டினார்கள். அரங்கின் கூரை ஒழுகியது. டீன் நின்ற இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே ஒழுகியது. காவலாளி அவர் தலைக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

"என் பிள்ளைங்களா!" என்று ஆரம்பித்தார் டீன். "நம்ம நாட்டு இளைஞர்களைப் பிடிச்சிருக்கற பெரிய வியாதி எது தெரியுமா? 'ஐயோ பாவம் நான்'ங்கற வியாதி. எதுக்கெடுத்தாலும் அடுத்தவன் மேல பழி. நான் அப்படியா? என்னைப் பாருங்க. நான் இங்க வந்தப்ப என்ன இருந்தது? எனக்கு முன்னால இருந்த மனுஷன் எல்லாத்தையும் நாசம் பண்ணிட்டுப் போனாரு. அமைச்சகம் ஒரு கடுதாசிக்குக்கூட பதில் போடல. கூரை போட்டவன் என்னை ஏமாத்திட்டான். இந்த ஊர் மழை இருக்கே, அது என் மேலதான் பெய்யுது. நான் ஒத்தை ஆளு, என்னதான் பண்ண முடியும்? ராத்திரி பகலா யோசிச்சேன். இந்தக் கல்லூரியில பொறுப்பு ஏத்துக்க ஒரு ஆள் கூட இல்லையேன்னு மனசு உடைஞ்சு போச்சு. அப்புறம் சட்டுனு உறைச்சுது. ஏன் இல்ல? நீங்க இருக்கீங்களே!"

கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள்.

அன்றைக்கே என் ஜன்னலை மூடினார்கள். கண்ணாடியை எடுத்துவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடி பதித்தார்கள். அதற்கு மேலே தங்க எழுத்தில், 'உங்கள் குறையைத் தீர்க்கக்கூடியவர் இதோ!' என்று எழுதினார்கள். கீழே காகிதம் நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். அதற்குப் பின்னால் நான். பெண்கள் வந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போனார்கள். பையன்கள் பருவைக் கிள்ளிக்கொண்டு போனார்கள். குறை சொல்ல வந்தவர்கள் தங்கள் முகத்தைப் பார்த்தே குறை சொன்னார்கள். பின்னாலிருந்து நான் 'ம்' கொட்டினேன்.

இனிமேல் புகார் என்பது கிடையாது. பொறுப்பேற்புப் படிவம் மட்டும்தான். அதில் ஒவ்வொரு வரியும் 'நான்' என்ற சொல்லோடு ஏற்கனவே அச்சாகி இருக்கும். மிச்சத்தை மாணவன் நிரப்ப வேண்டும். 'ஏனென்றால்' என்ற சொல் எங்கே வந்தாலும் படிவம் செல்லாது. கடைசியில் 'முழுப் பொறுப்பையும் மனமுவந்து ஏற்கிறேன்' என்பதற்குக் கீழே கையெழுத்து. வாரக் கடைசியில் எல்லாவற்றையும் கட்டி, டீனுடைய முகப்புக் கடிதத்தோடு, கெய்ரோவில் அமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் வெற்றிக்கு அதுதான் சாட்சி.

மின்துறைக்கு முதல் வகுப்பு காலை ஒன்பது மணிக்கு. கோச் ஹாஸிம் பதினொன்றுக்குச் சற்று முன்னால்தான் வந்தார். பதிவேட்டில் கையெழுத்து வாங்க நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"மன்னிக்கணும், மன்னிக்கணும்!" என்றார். "நான் என்ன பண்றது? அலெக்சாந்திரியா ரோட்ல அப்படி ஒரு நெரிசல். இந்த மினிபஸ்காரனுங்க இருக்கானுங்களே, மனுஷனை வாழ விடமாட்டானுங்க. சரி, பாடத்துக்கு வருவோம். இன்னிக்குப் பாடம், சாக்குச் சொல்லாமல் வாழ்வது எப்படி."

ஹம்தி என்று ஒரு பையன் எழுந்தான். போன மாசம் ஆய்வுக்கூடத்தில் மேலேயிருந்து காரை பெயர்ந்து அவன் தலையில் விழுந்து ஐந்து தையல். கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

"காரை என் தலையில விழுந்துச்சு, கோச்."

"'காரை விழுந்துச்சு'ன்னு சொன்னா ராஜா யாரு? காரை! நீ யாரு? அடிமை! மாத்திச் சொல்லு. 'நான்'னு ஆரம்பி."

ஹம்தி யோசித்தான். நல்ல பையன். கேட்டதைச் சொல்லிவிட்டுச் சீக்கிரம் உட்காரலாம் என்று நினைப்பவன். "காரை விழற நேரம் பாத்து நான் போய் அடியில நின்னேன்."

"பிரமாதம்! வலி குறைஞ்ச மாதிரி இருக்கா?"

"இல்ல, கோச்."

"குறையும்!" என்று சொல்லி, 'விடுதலை பெற்றவன்' என்று எழுதிய ஒரு பேட்ஜை அவன் சட்டையில் குத்தினார். ஊசி சட்டையைத் தாண்டி நெஞ்சில் இறங்கியது. "நெஞ்சை அங்க வச்சது நான்தான்," என்றான் ஹம்தி, பல்லைக் கடித்துக்கொண்டு. அவனுக்கு இரண்டாவது பேட்ஜும் கிடைத்தது.

அடுத்து தஹானி.

"நான் பரீட்சைக்கு வந்தேன். என் பேப்பரைக் காணோம்."

"'காணோம்' வேண்டாம். 'நான் தொலைச்சேன்'னு சொல்லு."

"நான் தொலைக்கலையே. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுத்தானே வந்தேன்?"

"யாருகிட்ட குடுத்த?"

"கல்லூரிகிட்ட."

"கல்லூரியை நம்பிக் குடுத்தது யாரு?"

"நான்."

"ஆங்! வந்துட்ட பாரு வழிக்கு! அந்த ஒரு தப்பை ஒத்துக்கிட்டா போதும், எல்லாம் விலகிடும்."

தஹானி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முறைப்பு இல்லை. கேலியும் இல்லை. மின்சுற்றில் எங்கேயோ ஒரு கம்பி தப்பாக இணைந்திருக்கிறது, எங்கே என்று தெரியவில்லை என்பது போன்ற பார்வை. "சரி கோச், ஆனா நான் வந்தேன்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு பேட்ஜ் கிடைக்கவில்லை.

படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களின் விஷயம் 'கனிவோடு பரிசீலிக்கப்படும்' என்று டீன் அறிவித்தார். இரண்டு வாரத்தில் நாற்பத்து இரண்டு பேர் போட்டுவிட்டார்கள். 'நான் வராதவனாக ஆனதற்கு நானே பொறுப்பு.' ஒருத்தரும் பரிசீலிக்கப்படவில்லை. ஒத்துக்கொண்ட பிறகு பரிசீலிக்க என்ன இருக்கிறது என்று டீன் என்னிடமே கேட்டார். தஹானி மட்டும் போடவில்லை. பிடிவாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். "வராதவளா ஆனதுன்னு எப்படி எழுதறது, இலக்கணமே தப்பா இருக்கே," என்றாள் அவள்.

அப்புறம் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், வாசலில் ரொட்டி விற்கும் ஷெஹாத்தாவின் வண்டிக்கு முன்னால், அவள் ஒரு தஅமியா ரொட்டி வாங்கினாள். நானும் பக்கத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சூடான வடை, எள் விழுது, ஊறுகாய், எல்லாவற்றையும் சுற்றி ஒரு காகிதம். முதல் கடி கடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காகிதத்தில் ஒரு மின்சுற்றுப் படம் இருந்தது.

"ஹம்தி, இங்க வா! இது உன் கையெழுத்துதானே?"

ஹம்தி குனிந்து பார்த்தான். "ஆமா. மின்தேக்கியை நான் மட்டும்தான் இப்படிக் கோணலாப் போடுவேன்."

"ஷெஹாத்தா அண்ணே, இந்தப் பேப்பர் ஏது?"

"உங்க காலேஜ் பேப்பர்தாம்மா," என்றான் ஷெஹாத்தா, வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. "ஸ்டோர் ஃபத்ஹல்லா மூணு சாக்கு கொண்டாந்து இறக்கினாரு. டீனோட மச்சான் வண்டியிலதான் வந்துச்சு. நல்ல தடிப் பேப்பரும்மா, எண்ணெய் ஊறாது. நீங்கள்லாம் இன்னும் நிறைய எழுதணும்."

மிச்சமிருந்த அரைச் சாக்கை அங்கேயே கொட்டித் தேடினார்கள். ரொட்டியைச் சுற்றியிருந்ததையும் சேர்த்துப் பதினொரு விடைத்தாள்கள் கிடைத்தன. தஹானியுடையது இல்லை.

"ஞாயித்துக்கிழமை இத்கூ பஸ்ஸுக்காரங்க முப்பது ரொட்டி கட்டிட்டுப் போனாங்கம்மா. அதுல போயிருக்கும்."

"நான் போறதுக்கு முன்னாடி என் பேப்பர் இத்கூ போய்ச் சேந்துடுச்சு," என்றாள் தஹானி. அவள் தோழி நபவிய்யா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு அழுதாள்.

பதினொன்றையும் எடுத்துக்கொண்டு டீனிடம் போனார்கள். கதவு திறந்திருந்ததால் எனக்கும் கேட்டது.

டீன் ஒரு தாளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "என்ன இது, ஒரே எண்ணெயா இருக்கு?"

"எங்க விடைத்தாள், டாக்டர். வடைக்கடையில இருந்துச்சு."

"இந்த ரொட்டியை வாங்கினது யாரு?"

"நான்தான்."

"அப்படின்னா கல்லூரியோட ரகசிய ஆவணத்தை வெளியில கையில வச்சிருந்தது நீ. அதுல கடிச்சும் வச்சிருக்க." பதினொன்றையும் வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "உன்னைப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கும்மா. எத்தனை வாய்ப்புக் குடுத்தேன்! அடுத்த வியாழக்கிழமைக்குள்ள படிவத்துல கையெழுத்துப் போடு. இல்லன்னா ஒழுங்கு நடவடிக்கைக் குழு. என் கையில ஒண்ணும் இல்ல, விதி அப்படி."

வெளியே வந்ததும் ஹம்தி தன் இரண்டு பேட்ஜையும் கழற்றினான். "காரைக்கு நான் பொறுப்புன்னு சொன்னேன், சரி. வடைக்குமா?"

சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, கண்ணாடிக்கு முன்னால் யாரோ வந்து நின்ற சத்தம் கேட்டது.

"மெத்வல்லி சார், உள்ள இருக்கீங்களா?"

"இருக்கேம்மா."

"இந்த ஃபாரமெல்லாம் கெய்ரோ போகுதே, போறதுக்கு முன்னாடி இங்க யாராச்சும் படிக்கறாங்களா?"

"எண்ணறாங்க. படிக்கறதில்ல."

"அங்க?"

நான் பேனாவை மூடி வைத்தேன். அவள் என்னைக் கேட்டாள். கேட்டுவிட்டாள். "கையெழுத்துப் போட்ட ஒப்புதல் எது வந்தாலும் அங்க சட்டப் பிரிவுக்குப் போகணும், அதுதான் விதி. இதுவரைக்கும் வந்த உங்க ஃபாரத்துல எல்லாம் ஆள் பேரும் தேதியும் இல்ல. வெறும் 'நானே பொறுப்பு'. அவங்களும் என்ன பண்ணுவாங்க?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் பையைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"'நான்'னு ஆரம்பிக்கணும். 'ஏனென்றால்' வரக்கூடாது. வேற ஏதாவது உண்டா?"

"வேற ஒண்ணும் இல்லம்மா."

"ஒரு ஐம்பது ஃபாரம் குடுங்க."

செவ்வாய்க்கிழமைக்குள் எல்லாம் துவாரம் வழியாக வந்து சேர்ந்தன. கட்டுவது என் வேலை. படிப்பது என் வேலையில்லை. படித்தேன்.

தஹானி எழுதியிருந்தாள்: 'நான் ஜனவரி பதினாறாம் தேதி ஏழாம் அறையில் என் விடைத்தாளை மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். நான் அவர் நாற்பத்து மூன்று தாள்களை எண்ணி, உறையில் போட்டு, அரக்கு வைத்ததைப் பார்த்தேன். நான் அந்த உறைக்குப் பின்னால் போகாமல் வீட்டுக்குப் போனேன். நான் கல்லூரியை நம்பினேன். முழுப் பொறுப்பையும் மனமுவந்து ஏற்கிறேன்.'

ஹம்தி: 'நான் ஜனவரி இருபத்தெட்டாம் தேதி காலை கிடங்கு வாசலில் நின்றேன். நான் ஸ்டோர்கீப்பர் ஃபத்ஹல்லா மூன்று சாக்குகளை டீனின் மைத்துனருடைய வெள்ளை வண்டியில் ஏற்றும்போது ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தேன். நான் அரக்கு உடைந்த உறைகளைப் பார்த்தும் என்னவென்று கேட்கவில்லை. நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.'

நபவிய்யா: 'நான் ஷெஹாத்தாவிடம் இரண்டு ரொட்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, என் வகுப்புத் தோழிகளின் விடைகளில் கையைத் துடைத்தேன். நான் மிச்சமிருந்த பதினொரு தாள்கள் டீனின் மேஜையில் இடது பக்க இரண்டாவது இழுப்பறைக்குள் பூட்டப்பட்டபோது தடுக்கவில்லை.'

நாற்பத்து மூன்று படிவங்கள். தேதி இருந்தது, இடம் இருந்தது, ஆள் இருந்தது. 'ஏனென்றால்' ஒரு இடத்திலும் இல்லை. கோச் ஹாஸிம் பார்த்திருந்தால் எல்லோருக்கும் இரண்டு பேட்ஜ் குத்தியிருப்பார்.

கட்டுவதற்கு முன்னால் நானும் ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டேன். 'நான் ஏழாம் அறைக் கதவில் நின்று அட்டைகளைச் சரிபார்த்தேன். நான் நாற்பத்து மூன்று பேரும் உள்ளே போனதைப் பார்த்தேன். நான் அதைச் சொல்லவில்லை.' கையெழுத்துப் போட்டேன்.

டீன் படிவக் கட்டை எடை போடுவது போலத் தூக்கிப் பார்த்தார். "எத்தனை?"

"நாற்பத்து நாலு, டாக்டர்."

"அறையில நாற்பத்து மூணு பேர்தானே? பாத்தியா மெத்வல்லி, இயக்கம் பரவுது!" முகப்புக் கடிதத்தில், 'இவை ஒவ்வொன்றும் நம் மாணவர்களின் நெஞ்சிலிருந்து வந்த உண்மை என்று நான் உறுதியளிக்கிறேன்' என்ற வரியைத் தன் கையாலேயே சேர்த்து, பெரிதாகக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து கெய்ரோவிலிருந்து இஜ்லால் என்ற சட்ட அதிகாரி வந்தார். ஐம்பது வயசு இருக்கும். தட்டையான செருப்பு, தடித்த கோப்பு. டீன் கொடுத்த காப்பியைத் தொடவில்லை. நேரே மேஜைக்குப் போய், இடது பக்க இரண்டாவது இழுப்பறையைத் திறக்கச் சொன்னார். எண்ணெய் வாசனை அறை முழுக்கப் பரவியது.

விசாரணைக் குறிப்பை எழுத என்னைத்தான் உட்கார வைத்தார்கள். அதனால் வார்த்தை பிசகாமல் சொல்ல முடியும்.

ஸ்டோர்கீப்பர் ஃபத்ஹல்லா சொன்னார்: "கிடங்குல இடமே இல்ல மேடம். எலித் தொல்லை வேற. எல்லாத்தையும் காலி பண்ணுன்னு மேல சொன்னாங்க, பண்ணினேன். எது பழசு எது புதுசுன்னு உறை மேல எழுதாதது என் தப்பா?"

கோச் ஹாஸிம் அன்றைக்கும் தாமதமாகத்தான் வந்தார். "என்னை இதுல இழுக்காதீங்க மேடம். நான் வெளியாள். என்னைக் கூப்பிட்டாங்க, வந்தேன். சொல்லச் சொன்னதைச் சொன்னேன்."

கடைசியில் டீன். "இது சதி மேடம். என் மேல பொறாமைப்படறவங்க செஞ்சது."

"இந்தக் கடிதத்துல இருக்கறது உங்க கையெழுத்துதானே, டாக்டர்?"

"ஒரு நாளைக்கு எத்தனை கையெழுத்துப் போடறேன், எல்லாத்தையும் படிக்கவா முடியும்? மெத்வல்லி வச்சான், போட்டேன். அந்தப் பொண்ணு தப்பான ஃபாரத்தை எழுதியிருக்கா. வண்டி என் மச்சானோடது, என்னோடது இல்ல. அவன் பேச்சை நான் தட்டினா வீட்டுல என் பொண்டாட்டி ஒரு வாரம் முகம் குடுத்துப் பேசமாட்டா. என் நிலைமையில நீங்க இருந்து பாக்கணும். இத்தனை செஞ்சும் கடைசியில பழி என் தலையில. நான் என்ன பாவம் பண்ணினேன்?" அவர் குரல் உடைந்தது. நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்தது.

இஜ்லால் கோப்பை மூடினார். "மெத்வல்லி, இதை எழுதிக்குங்க. நடந்ததுக்குப் பொறுப்பு ஏத்துக்கிட்டவங்க, நாற்பத்து நாலு பேர். அதுல அதிகாரி யாரும் இல்ல."

எழுதிக்கொண்டேன்.

ஃபத்ஹல்லாவைப் பாலைவனத்தில் வாதி நத்ரூன் பக்கம் மாற்றினார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மாணவர்களுக்கான படிவத்தை ஊழியர் நிரப்பியது விதிமீறலாம். டாக்டர் கம்ராவியை அமைச்சகத்துக்கே எடுத்துக்கொண்டார்கள். அங்கே, புதிதாக வரும் டீன்களுக்கு நிர்வாகப் பொறுப்புணர்வு பற்றிப் பாடம் எடுக்கிறார் என்று கேள்வி. கோச் ஹாஸிமுக்கு தந்தா நகரில் வேறு ஒரு கல்லூரி கிடைத்தது.

மே மாசம் நடுவில் நாற்பத்து மூன்று பேருக்கும் மறுபரீட்சை வைத்தார்கள். எழுதி முடித்து, தாள்களை எண்ணி, அரக்கு வைத்தார்கள். மேற்பார்வையாளர் உறையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். நாற்பத்து மூன்று பேரும் அவருக்குப் பின்னால் நடந்தார்கள். சத்தமில்லை, கோஷமில்லை. அவர் படியிறங்கினால் இறங்கினார்கள். அவர் நின்று வியர்வை துடைத்தால் நின்றார்கள். திருத்தும் அறைக்குள் உறை போனதும், வாசலில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார்கள். முறை வைத்து, நாலு நாள். ஷெஹாத்தா ரொட்டி அனுப்பினான், தட்டில் வைத்து.

இரண்டாம் நாள் தற்காலிக டீன் வெளியே வந்தார். "என்னம்மா இது? வீட்டுக்குப் போங்க. திருத்தறதைக் காவல் காக்கறது மாணவங்க வேலையா?"

தஹானி எழுந்து, பாவாடையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டாள். "எங்க வேலை இல்லதான், டாக்டர். உங்க வேலை. நீங்க செய்யறீங்களான்னு பாக்கத்தான் உக்காந்திருக்கோம்."

அவர் கதவை ஒருக்களித்துத் திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனார். உள்ளே தாள் புரளும் சத்தம் வெளியே எல்லோருக்கும் கேட்டது.

நான்காம் நாள் பட்டியலை ஒட்டினார்கள். முப்பத்தெட்டு பேர் தேறினார்கள். தஹானிக்கு எழுபத்தொன்பது. மறுநாளே அப்பாவின் மினிபஸ்ஸில் இத்கூ போய்த் தாளைக் காட்டிவிட்டு வந்தாள்.

ஐந்து பேர் தேறவில்லை. ஹம்தி அதில் ஒருவன். இருபத்து மூன்று மார்க். பெயருக்குப் பக்கத்தில் 'வரவில்லை' என்று இல்லை. 'தேறவில்லை' என்று தெளிவாக இருந்தது. மறுபடி சேர்வதற்கு விண்ணப்பம் கேட்டு என்னிடம் வந்தான்.

"மார்க்கை மறுபடி கூட்டச் சொல்லி எழுதிக் குடுக்கிறியா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் சார். தாளைக் காட்டினாங்க, பாத்தேன். நியாயமாத்தான் போட்டிருக்காங்க. நாலு நாள் வாசல்ல உக்காந்த நான், பரீட்சைக்கு முன்னாடி ஒரு நாள் உக்காந்து படிச்சிருக்கலாம்." விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "இது மட்டும் சத்தியமா நான், சார்."

யாரும் அவனை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை.